ஜூலை 1-க்கு அப்புறம் காலேஜ் கடன்: மகள் பேர்ல இப்பவே ஒரு சின்னக் கடன் எடுத்து வைக்கணுமா?

#1 பிளேனோவாசி

வணக்கம் மக்களே. பெரியவ வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகத்துல ரெண்டாம் வருஷம் படிக்கிறா. இதுவரைக்கும் கடன் வாங்கல. 529-ங்கற காலேஜ் சேமிப்புக் கணக்குலயும் சம்பளத்துலயும் ஓட்டியாச்சு. அந்தக் கணக்கு இந்த மே மாசத்தோட தீருது. சின்னவன் ஆகஸ்ட்ல காலேஜ் சேரப்போறான். மிச்ச வருஷங்களுக்கு பேரன்ட் பிளஸ் (பெத்தவங்க பேர்ல அரசாங்கம் குடுக்கிற கடன்) எடுத்துச் சமாளிக்கலாம்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

இப்ப 2026 ஜூலை 1-லேர்ந்து ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) கல்விக் கடன் விதி எல்லாமே மாறுதாம். எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் "இனிமே பசங்களுக்கு ஃபெடரல் லோனே கிடையாது"ங்கறார். இன்னொருத்தர் "ஏற்கெனவே படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது"ங்கறார். மூணாவது ஆள், "பொண்ணு பேர்ல ஜூனுக்குள்ள ஒரு சின்னக் கடன் எடுத்துடு, பழைய விதி உனக்கு நிக்கும்"னு சொல்றார். இதுல எது நிஜம்? நானும் வீட்டம்மாவும் கிரீன் கார்டு, பசங்க சிட்டிசன்.

#2 மொட்டைமாடி

பொண்ணுக்கு ஃபாஃப்சா (மத்திய அரசு கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போட்டிருக்கீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க.

#3 பிளேனோவாசி

இல்லங்க. ரெண்டு சம்பளம் வருது, எப்படியும் ஒண்ணும் கிடைக்காதுன்னு விட்டுட்டோம்.

#4 கணக்குப்பிள்ளை

நான் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நம்ம ஊர்க் குடும்பங்கள் பலர் இதே காரணத்தைச் சொல்லி ஃபாஃப்சாவைத் தொடுவதே இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான பெல் கிராண்ட் கிடைக்காது என்பது சரி. ஆனால் அன்சப்சிடைஸ்ட் டைரக்ட் லோனுக்கு (படிக்கும்போதே வட்டி ஓடும் மாணவர் கடன்) வருமானப் பரிசோதனை கிடையாது. பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் அது உண்டு. ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்துக்குள்தான் இதெல்லாம் இருக்கிறது. (வெளிநாட்டுக்குப் பணமாக அனுப்பினால் 1 சதவீத வரி என்று ஊரே பேசியதே, அதுவும் இதே சட்டம்தான்.) கடன் சம்பந்தப்பட்ட முக்கியமான பிரிவுகள் 2026 ஜூலை 1 முதல் அமலுக்கு வருகின்றன.

உங்கள் வாட்ஸ்அப் நண்பர் சொன்ன முதல் விஷயம் புரளி. இளங்கலை மாணவர் தன் பெயரில் வாங்குகிற கடனின் வரம்பு மாறவே இல்லை. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதல் வருஷம் 5,500 டாலர், இரண்டாம் வருஷம் 6,500, அதன்பிறகு வருஷத்துக்கு 7,500. நாலு வருஷத்துக்குக் கூட்டினால் 27,000. மொத்த உச்சவரம்பு 31,000. நேற்றும் இதுதான், நாளைக்கும் இதுதான். ஒரே ஒரு மாற்றம்: முழுநேரம் படிக்காதவருக்கு அந்த அளவுக்குக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். 12 கிரெடிட்டுக்குப் பதிலாக 9 எடுத்தால், கடனும் ஏறக்குறைய முக்கால்தான். கம்யூனிட்டி காலேஜில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகளை இது கடிக்கும்.

உங்களைக் கடிக்கப்போவது பேரன்ட் பிளஸ். இதுவரை கல்லூரி கணக்கிடும் மொத்தச் செலவில் மற்ற உதவிகள் போக மீதி எவ்வளவு இருந்தாலும் வாங்கலாம். இனி ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20,000, மொத்தமாக 65,000. அப்பா 20, அம்மா 20 என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளவும் முடியாது, இருவருக்கும் சேர்த்துத்தான். 20, 20, 20 என்று மூன்று வருஷம் வாங்கினால் நாலாம் வருஷத்துக்கு மிஞ்சுவது 5,000. முழுதாகக் கட்டி முடித்தாலும் அந்த 65,000 மறுபடி திறக்காது.

மூன்றாவது ஆள் சொன்னது பாதி அல்ல, முக்காலே மூணு வீசம் சரி. 2026 ஜூன் 30 அன்று ஒரு படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அந்தப் படிப்புக்காக அதற்கு முன்பே மாணவர் பெயரிலோ, அவருக்காகப் பெற்றோர் பெயரிலோ ஒரு ஃபெடரல் டைரக்ட் லோன் பட்டுவாடா ஆகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பழைய வரம்பே தொடரும். எவ்வளவு நாளைக்கு? மூன்று கல்வியாண்டு அல்லது படிப்பு முடிய மிச்சமிருக்கும் காலம், இதில் எது குறைவோ அதுவரை. உங்கள் மகளுக்கு இரண்டு வருஷம். ஐந்தாம் வருஷம் இழுத்தால் அது கணக்கில் வராது. வேறு கல்லூரிக்கு மாறினாலும் சலுகை போச்சு.

ஆகவே "ஏற்கெனவே படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்பது தப்பு. ஏற்கெனவே படித்து, ஏற்கெனவே கடனும் வாங்கியவர்களுக்குத்தான் ஒன்றும் ஆகாது. இதுவரை கடனே வாங்காமல் ஒழுங்காகக் கட்டி வந்த உங்களைப் போன்றவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

#5 பிளேனோவாசி

அடேங்கப்பா. கடன் வாங்காம இருந்ததுக்குத் தண்டனையா!

#6 ட்ராய் முருகு

அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. பழைய விதியைப் பிடிச்சு வெச்சு என்ன பண்ணப்போறீங்க? பேரன்ட் பிளஸ் வட்டி 2025-26 கல்வியாண்டுல 8.94 சதவீதம். அது போக 4.228 சதவீதம் எடுத்தவுடனேயே கழிச்சுக்குவான். 20,000 கேட்டா காலேஜுக்குப் போய்ச் சேர்றது 19,154 டாலர். வட்டி ஓடுறது முழு 20,000-க்கு.

65,000 முழுசா எடுத்தீங்கன்னு வைங்க. புது விதிப்படி அந்தத் தொகைக்குத் தவணைக் காலம் 20 வருஷம். இதே வட்டின்னா மாசம் 582 டாலர் வருது. கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 1,40,000 கட்டியிருப்பீங்க. உங்களுக்கு ஐம்பது வயசுன்னா எழுபது வரைக்கும். வரம்பு வெச்சது நம்ம நல்லதுக்குத்தான்னு எனக்குத் தோணுது. வரம்பே இல்லாத கடனைக் குடுத்துக் குடுத்துத்தானே காலேஜ்காரன் ஃபீஸை ஏத்தினான்?

#7 கடலூர்க்காரி

முருகு, இதைச் சொல்றவங்க எல்லாரும் வீட்டுக்கடனை அடைச்சு முடிச்சவங்களாவே இருக்காங்க, அது எப்படி?

வரம்பு வெச்சா காலேஜ் ஃபீஸ் குறையும்னு 1987-லயே வில்லியம் பென்னட் கல்வி அமைச்சரா இருந்தப்போ சொன்ன வாதம்தான் இது. அதுக்கு ஆதாரமே இல்லன்னு சொல்லமாட்டேன். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் ஆய்வு ஒண்ணுல, சப்சிடைஸ்ட் கடன் (படிக்கும்போது வட்டியை அரசாங்கம் கட்டுறது) வரம்பைக் கூட்டினப்போ ஒவ்வொரு டாலருக்கும் 60 சென்ட் வரைக்கும் கட்டணத்துல ஏறிச்சுன்னு வந்துது. ஆனா ஏறினது இறங்கும்னு யார் சொன்னா? அரசுப் பல்கலைக்கழகத்துல ஃபீஸ் ஏறினதுக்கு ஒரு காரணம் மாநில அரசு 2008-க்கு அப்புறம் மானியத்தை வெட்டினது. அது கடன் வரம்பைப் பார்த்துத் திரும்பி வராது.

#8 ட்ராய் முருகு

இறங்குது அக்கா. சான்டா கிளாரா சட்டக் கல்லூரியில 2026-ல சேர்ற முழுநேர மாணவர் எல்லாருக்கும் 16,000 டாலர் ஸ்காலர்ஷிப்னு அறிவிச்சுட்டாங்க. எதுக்கு? புது வரம்பு வருஷத்துக்கு 50,000, ஃபீஸ் அதுக்குள்ள அடங்கணும்னுதான். வரம்பு இல்லாம இருந்திருந்தா செஞ்சிருப்பாங்களா?

#9 கடலூர்க்காரி

ஒரு கல்லூரி செஞ்சுது, சரி. அது நல்ல விஷயம்தான். மத்த கல்லூரியெல்லாம் செய்யற வரைக்கும் நடுவுல மாட்டுற பசங்க யாரு? எங்க வீட்டுப் பொண்ணுதான். ஆகஸ்ட்ல மருத்துவக் கல்லூரி சேர்றா.

மருத்துவத்துக்குப் புது வரம்பு வருஷம் 50,000, மொத்தம் 2,00,000. அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நாலு வருஷச் செலவு, சாப்பாடு வாடகை எல்லாம் சேர்த்து, நடுத்தரமா 2,86,000 டாலர் பக்கம்னு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தோட கணக்கு. தனியார்ல 3,90,000. இதுவரைக்கும் மிச்சத்தை கிராட் பிளஸ்ங்கற மேற்படிப்புக் கடன் அடைச்சுது. 2006-லேர்ந்து இருந்த கதவு அது. புதுசா சேர்றவங்களுக்கு ஜூலை 1 முதல் மூடியாச்சு. இனிமே அந்த 86,000-ம், 1,90,000-ம் தனியார் கடன். தனியார் கடனுக்கு அவளுக்கு ஏது கிரெடிட் ஹிஸ்டரி? நாங்க கோசைன் (ஜாமீன் கையெழுத்து) போடணும். வீட்டுக்காரர் போன வருஷம் வேலை போய் இப்பதான் கான்ட்ராக்ட்ல இருக்கார்.

#10 நெல்லை டு ஆஸ்டின்

அக்கா, டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரியில இடம் கிடைச்சிருக்கா? உள்ளூர்க்காரங்களுக்கு ஃபீஸ் நாட்டிலேயே ரொம்பக் குறைவான இடங்கள்ல ஒண்ணு இது. 2,00,000-க்குள்ள முடிக்க வாய்ப்பு உண்டு.

#11 கடலூர்க்காரி

இல்லப்பா. நாங்க இலினாய்ஸ். கிடைச்சது ஒரே ஒரு இடம், அதுவும் தனியார். மூணாவது தடவை எழுதிக் கிடைச்ச சீட், விட்டுடுன்னு சொல்ல வாய் வரல.

#12 கணக்குப்பிள்ளை

கடலூர்க்காரி, உங்கள் நிலைமைக்கு நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கிறது. ஃபெடரலில் வாங்கும் 2,00,000-க்கு ராப் என்கிற புதுத் திட்டம் வருகிறது. வருமானத்தைப் பார்த்துத் தவணை. ஏஜிஐ (வரிக்கணக்கில் வரும் சரிசெய்த வருஷ வருமானம்) 10,000-க்கு மேல் போனால் 1 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு 10,000-க்கும் ஒரு சதவீதம் ஏறி, 1,00,000 தாண்டினால் 10 சதவீதம். உங்கள் மகள் ரெசிடென்சியில் (படிப்பு முடித்தபின் வரும் மருத்துவப் பயிற்சிக் காலம்) 65,000 சம்பாதித்தால் 6 சதவீதம், அதாவது மாசம் 325 டாலர். 2,00,000-க்கு 2025-26 கல்வியாண்டின் 7.94 சதவீதத்தில் வருஷ வட்டியே 15,880 வரும். அவள் கட்டுவது 3,900. மிச்ச வட்டியை அரசாங்கம் தள்ளுபடி செய்துவிடும், அசலில் ஏறாது. பழைய திட்டங்கள் பலவற்றில் ரெசிடென்சி முடிவதற்குள் கடன் உப்பிப்போய் நிற்கும். அந்த வகையில் ராப் பரவாயில்லை. பொதுச்சேவைத் தள்ளுபடிக்கும் (அரசு, லாபநோக்கற்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கானது) இந்தத் தவணைகள் கணக்கில் சேரும்.

கெட்டது: ராப்பில் மீதிக் கடன் தள்ளுபடிக்கு 30 வருஷம் காத்திருக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி ஏறுவதால் ஓரங்களில் அடி விழும். ஏஜிஐ 80,000 என்றால் வருஷத்துக்கு 5,600. ஒரே ஒரு டாலர் கூடினால் 6,400. அப்புறம், நீங்கள் கோசைன் போடப்போகும் தனியார் கடனுக்கு இந்த எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ரெசிடென்சிக் காலத்தில் தவணையை நிறுத்திவைக்க விடுகிறார்களா, கோசைனரை எப்போது விடுவிப்பார்கள் என்று எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

#13 நாஞ்சில் நர்ஸ்

மருத்துவத்துக்காவது 50,000. எங்களுக்கு அதுவும் இல்ல.

நான் ஹூஸ்டன்ல ஐசியு நர்ஸ். சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, இங்கேயே பிறந்து வளர்ந்தவ, மயக்க மருந்து நர்ஸ் படிப்புக்கு இந்த வருஷம் இடம் வாங்கியிருக்கா. மூணு வருஷம், முடிச்சா டாக்டரேட். படிக்கும்போது வேலைக்குப் போகப்பிடாதுன்னு சேரும்போதே எழுதி வாங்குவாங்க, போகவும் நேரம் இருக்காது. விடிகாலை அஞ்சரைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல மெஷின் செக் பண்ணி, மருந்தெல்லாம் சிரிஞ்சுல எடுத்து லேபிள் ஒட்டி வெச்சு, சாயங்காலம் நாளைக்குள்ள கேஸுக்குத் திட்டம் எழுதி அனுப்பணும். இந்தப் படிப்புக்கு வருஷம் 20,500 தான் கடன். காகிதத்துல மொத்த வரம்பு 1,00,000 னு இருக்கு. மூணு வருஷத்துல 61,500-க்கு மேல அவளால எடுக்கவே முடியாதே, அப்புறம் அந்த லட்சம் யாருக்கு? படிப்புச் செலவு ஒண்ணரை லட்சம் தாண்டுது.

50,000 வரம்பு கிடைக்கிற படிப்புக்கு "புரொஃபஷனல்"னு ஒரு பட்டியல் போட்டாங்க. 2025 நவம்பர்ல கல்வித்துறைக் குழு ஒத்துக்கிட்டது பதினோரு படிப்பு. மருத்துவம், ஆஸ்டியோபதி, பல், கால்நடை, கண், பாதம், மருந்தியல், கைரோபிராக்டிக், சட்டம், இறையியல், மனநல மருத்துவத்தோட கிளினிக்கல் சைக்காலஜி. நர்சிங் இல்ல. பிசிஷியன் அசிஸ்டென்ட் இல்ல. பிசியோதெரபி இல்ல. பாதிரியார் படிப்புக்கு 50,000, ஆளை மயக்கத்துல உயிரோட வெச்சிருக்கிறவளுக்கு 20,500. எனக்குப் பாதிரியார் மேல கோவம் இல்ல, நானே ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவதான்.

#14 மொட்டைமாடி

அக்கா, அந்தப் பட்டியல்ல "மனநல மருத்துவம்" இல்ல, கிளினிக்கல் சைக்காலஜி மட்டும்தான். மத்தபடி சரி.

#15 ட்ராய் முருகு

நர்ஸ் அக்கா கோவம் நியாயம். ஆனா கல்வித்துறை சொல்ற பதிலையும் வைக்கணும்: நர்சிங் மாணவர்கள்ல 95 சதவீதம் பேர் இந்த வரம்புக்குக் கீழதான் வாங்கறாங்களாம். இது தொழிலோட மதிப்பைப் பத்தின தீர்ப்பு இல்ல, கடனுக்கான வகைப்பாடு மட்டும்தான்னு சொல்றாங்க.

#16 நாஞ்சில் நர்ஸ்

தம்பி, அந்த 95-ல யாரெல்லாம் சேர்த்திருக்காங்க? ரெண்டு வருஷப் படிப்பும், நாலு வருஷப் படிப்பும் படிக்கிறவங்க எல்லாம் சேர்ந்தா? அவங்களுக்கு இந்த வரம்பே பொருந்தாது. பொருந்துற சிலபேருக்குத்தானே வலிக்குது. வலிக்காதவங்களை எண்ணிக் காட்டி என்ன பிரயோசனம்?

#17 எடிசன் இட்லி

நர்ஸ் அக்கா அடிச்ச சிக்சர்.

என் கேள்வி வேற. நாங்க ரெண்டு பேரும் இன்னும் எச்1பி. கிரீன் கார்டு வரிசையில 2013-லேர்ந்து நிக்கிறோம். மூத்தவன் ஊர்ல பிறந்தவன், எச்4 (எங்க விசாவைச் சார்ந்த விசா). இளையவ இங்க பிறந்தவ. ரெண்டு பேருக்கும் என்ன கிடைக்கும்?

#18 கணக்குப்பிள்ளை

மூத்தவனுக்கு ஃபெடரல் கடன் எதுவும் கிடையாது. முன்பும் இல்லை, இனியும் இல்லை. எச்4, எஃப்1 (மாணவர் விசா) இரண்டுக்கும் அதே நிலைதான். 21 வயது ஆவதற்குள் உங்கள் தேதி வருமா என்பதுதான் அவனுக்குப் பெரிய கேள்வி. அதை வக்கீலிடம் கேளுங்கள்.

இளையவளுக்கு உண்டு. அவள் சிட்டிசன். ஃபாஃப்சாவில் பெற்றோர் விசா எதுவாக இருந்தாலும் தடையில்லை. ஆனால் நீங்கள் பேரன்ட் பிளஸ் வாங்க முடியாது, அதற்குப் பெற்றோரும் சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்தவராகவோ இருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. பெற்றோர் குடியுரிமை காரணமாகப் பேரன்ட் பிளஸ் வாங்க முடியாது என்றால், கல்லூரி நிதியுதவி அலுவலகம் அதைப் பதிவு செய்து, மாணவிக்குச் சுயசார்பு மாணவர் அளவுக்குக் கூடுதல் அன்சப்சிடைஸ்ட் கடன் கொடுக்கலாம். முதல் வருஷம் 5,500-க்குப் பதில் 9,500. இரண்டாம் வருஷம் 10,500, அப்புறம் 12,500. மொத்தம் 57,500 வரை. இது தானாக வராது. நீங்கள் மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். அலுவலகம்தான் முடிவெடுக்கும்.

இந்த வரம்பு ஜூலைக்குப் பிறகும் மாறவில்லை. நியூ ஜெர்சியில் இருப்பதால் மாநில அரசின் என்ஜேகிளாஸ் கடனையும் ஒரு பார்வை பாருங்கள். அதற்கும் தகுதி விதிகள் தனி.

#19 எடிசன் இட்லி

நாலு வருஷமா இந்தக் குழுமத்துல இருக்கேன், 9,500 பத்தி இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். நன்றி சார்.

#20 கோவை சண்முகம்

வணக்கமுங்க. பையன் செப்டம்பர்ல எம்எஸ் படிக்க அமெரிக்கா வர்றானுங்க. கடன் எல்லாம் நிறுத்திட்டாங்கன்னு டிவியில சொன்னாங்க. எங்களுக்கு ஏதும் பாதிப்புங்களா?

#21 மொட்டைமாடி

இல்லங்க ஐயா. இது அமெரிக்க அரசாங்கம் தன்னோட ஆளுங்களுக்குக் குடுக்கிற கடன். தம்பி எஃப்1-ல வர்றதால அவருக்கு எப்பவுமே கிடையாது. நீங்க ஸ்டேட் பேங்க்லயோ வேற பேங்க்லயோ எடுக்கிற கல்விக் கடனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. விசா சேதியை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க.

#22 கோவை சண்முகம்

ரொம்ப சந்தோசமுங்க.

#23 நெல்லை டு ஆஸ்டின்

பிளேனோ அண்ணாச்சி, சின்னவன் எங்க சேர்றான்? டெக்சாஸ் கல்லூரின்னா, மாநில அரசோட காலேஜ் ஆக்சஸ் லோன்னு ஒண்ணு இருக்கு. நிலையான வட்டி. கிரெடிட் சரியில்லன்னா கோசைனர் வேணும். பேரன்ட் பிளஸ் வட்டியோட வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். வெளிமாநிலம் போனா இது கிடைக்காது.

#24 பிளேனோவாசி

அவனுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு யூடி டல்லாஸ், வீட்லேர்ந்து இருபது நிமிஷம். இன்னொண்ணு அக்கா படிக்கிற அதே பல்கலை, வருஷம் 48,000. அவனோட கடன் 5,500, எங்களோடது 20,000, அப்பவும் 22,500 துண்டு விழுது. ரெண்டு பசங்க ஒரே நேரத்துல படிச்சா ஃபாஃப்சால குறைப்பாங்கன்னு நினைச்சேனே?

#25 கணக்குப்பிள்ளை

அது முன்பு. 2024-25 ஃபாஃப்சாவிலிருந்து அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு பிள்ளை படித்தாலும் குடும்பத்தின் பங்கு ஒவ்வொருவருக்கும் முழுசாகத்தான் கணக்கிடப்படும். தனிப்பட்ட சூழ்நிலையைச் சொல்லிக் கல்லூரியிடம் மறுபரிசீலனை கேட்கலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வேண்டியது 2025-26 ஃபாஃப்சா, 2026-27 அல்ல. எல்லோரும் இங்கேதான் தப்பாகப் போடுகிறார்கள். இணையத்தில் இரண்டுமே திறந்திருக்கிறது. மகள் கணக்கில் தொடங்கி உங்களைச் சேர்க்கட்டும், நீங்கள் உங்கள் கணக்கில் சம்மதம் கொடுங்கள். பிறகு கல்லூரிக்கு மின்னஞ்சல்: இந்த ஸ்பிரிங் செமஸ்டருக்கு அன்சப்சிடைஸ்ட் கடன் 1,000 டாலர் மட்டும் வேண்டும் என்று. அவள் என்ட்ரன்ஸ் கவுன்சிலிங் (கடன் பற்றிய இணையப் பாடம்) முடித்து, மாஸ்டர் பிராமிசரி நோட் என்கிற கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். செமஸ்டர் முடிவதற்குள் பணம் கல்லூரிக் கணக்கில் ஏற வேண்டும். விண்ணப்பித்தால் போதாது, பட்டுவாடா ஆக வேண்டும்.

2025-26-க்கு வட்டி 6.39 சதவீதம், கட்டணம் 1.057 சதவீதம். வருஷத்துக்கு அறுபத்துச் சொச்சம் டாலர் செலவு. கட்டணம் இல்லாமல் 120 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று யாராவது சொல்வார்கள். முழுசாகத் திருப்பாதீர்கள். அப்படிச் செய்தால் கடன் ரத்தாகிவிடும், வாங்கவே இல்லை என்றாகிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் செய்த வேலை அத்தனையும் வீண்.

#26 ட்ராய் முருகு

1,000 டாலர் எடுத்து வைக்கிறது சரி, நானும் அதையே செய்வேன். ஆனா கதவு திறந்திருக்குன்னு உள்ள போய்டாதீங்க அண்ணே. தேவைப்பட்டா வருஷம் 20,000-க்கு மேல எடுக்கலாம்ங்கறதுதான் அந்தச் சலுகை. உங்களுக்கு 780 கிரெடிட் ஸ்கோர் இருந்தா தனியார்ல 8.94-ஐ விடக் குறைச்சலாவே கிடைக்கும்.

#27 கடலூர்க்காரி

கிடைக்கும். வேலை போகாத வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். ஃபெடரல் கடன்ல மாணவரோ கடன் வாங்கின பெற்றோரோ இறந்துட்டா கடன் தள்ளுபடி. தனியார்ல கம்பெனிக்குக் கம்பெனி வேற. முருகு, நீங்க சொல்ற கணக்கு எல்லாம் சரி, அதுல வேலை போறதும் உடம்பு போறதும் மட்டும் வரமாட்டேங்குது.

#28 ட்ராய் முருகு

ஒத்துக்கறேன் அக்கா. டெட்ராய்ட்ல உக்காந்துக்கிட்டு வேலை போகாதுன்னு நான் சொல்லக் கூடாது.

#29 சேலத்து மாம்பழம்

ஏற்கெனவே பேரன்ட் பிளஸ் வெச்சிருக்கிறவங்களைப் பத்தி யாரும் பேசலயே? மூத்தவனுக்காக 70,000 இருக்கு. வருமானத்தைப் பாத்துத் தவணை கட்டற வழி போய்டும்னு சொல்றாங்க.

#30 கணக்குப்பிள்ளை

நல்ல வேளை கேட்டீர்கள், இதற்கும் அதே ஜூலை 1 தான் கெடு. பழைய பேரன்ட் பிளஸ் கடனை அந்தத் தேதிக்கு முன் டைரக்ட் கன்சாலிடேஷன் (பழைய கடன்களை ஒரே புதுக் கடனாக மாற்றுவது) செய்து முடித்திருக்க வேண்டும். பிறகு ஐசிஆர் என்கிற, வருமானத்தைப் பார்த்துத் தவணை போடும் திட்டத்தில் சேர்ந்து, அங்கிருந்து அதே வகையான ஐபிஆருக்கு மாறலாம். இதையெல்லாம் 2028 ஜூலைக்குள் செய்தாக வேண்டும். கன்சாலிடேஷன் முடிய வாரக்கணக்கில் ஆகும், ஜூன் கடைசியில் போய் நிற்காதீர்கள். ஜூலை 1-க்குப் பிறகு இளையவனுக்காகப் புதிதாக ஒரு பேரன்ட் பிளஸ் எடுத்தால் பழைய கடனுக்கும் அந்த வழி அடைபட்டுவிடும். புதிதாக எடுக்கிற பேரன்ட் பிளஸுக்கு ராப் கிடையாது, நிலையான தவணை மட்டும்தான். இளையவனுக்கு வேண்டியிருந்தால் உங்கள் கணவர் பெயரில் எடுப்பதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கடன் யார் பெயரில் என்பதுதான் இங்கே விஷயம்.

#31 சேலத்து மாம்பழம்

அவர் பேர்லதான் எடுக்கச் சொல்லணும். என் பேர்ல எடுத்தா "நீதானே கையெழுத்துப் போட்டே"ன்னு இருபது வருஷம் கேக்கணும்.

#32 பிளேனோவாசி

நிலவரம்: பொண்ணோட ஃபாஃப்சா போட்டாச்சு, 2025-26 தான், ரெண்டு தடவை பாத்துட்டேன். ஸ்பிரிங்குக்கு 1,000 கேட்டு மெயில் போயிருக்கு. கவுன்சிலிங் பக்கத்துல "இந்தக் கடனை யார் கட்டணும்"னு கேள்வி வந்ததாம், "நான்"னு அழுத்தினப்புறம் போன் பண்ணி "அப்பா, நீங்கதானே கட்டுவீங்க"ன்னு கேக்கறா.

சின்னவன் விஷயம் இன்னும் முடியல. மே 1-க்குள்ள சொல்லணும்.

#33 நெல்லை டு ஆஸ்டின்

யூடி டல்லாஸ் போகச் சொல்லுங்க அண்ணாச்சி.

#34 பிளேனோவாசி

அவன்கிட்ட நீங்களே பேசுங்க, நம்பர் தர்றேன்.

#35 கணக்குப்பிள்ளை

பணம் ஏறியதும் கடன் பட்டுவாடா தேதி ஸ்டூடன்ட் எய்ட் தளத்தில் மகள் கணக்கில் தெரியும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் கல்லூரி கேட்டால் காட்ட அது போதும்.